பவளத்தீவுத் தூதருக்கு இட்ட ஒருகை விருந்து

திரு ஓங்குக, வெண்குன்ற நாட்டின் சுனைகள் வற்றாதிருக்க. மலையும் கடலும் இரு தோளெனக் கொண்டு ஆளும் வெண்குன்றக் கோமானின் மடைப்பள்ளி நாயகம், மூன்று அரசருக்குச் சோறு வடித்தும் இன்னும் தலையோடிருக்கும் காரிநம்பி, அலைவாய்க் கோட்டைத் தலைவரும் தீயம்புப் படைக்கு உரியவருமான அழகன் மழவரையர் சமுகத்துக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குதிரையும் குடியும் நலம் பெறுக.

விருந்து இனிதென்ற சொல் பொழுது சாய்வதற்குள் வாராவிடில், துறையில் நிற்கும் பவளத்தீவுக் கப்பல்களைக் கொளுத்துக என்பது தங்களுக்கு இடப்பட்ட ஆணை. ஆகவே பந்தம் ஏந்திய கையைச் சற்றே தாழ்த்தி, இதனைக் கடைசி எழுத்துவரை வாசித்தருள்க. நடுவில் நிறுத்தினால் ஊர் எரியும்.

உடன்படிக்கை செய்ய வந்த பவளத்தீவுத் தூதர் சயாந்தகர், தாம் உட்கார்ந்து உண்ணப் போவதில்லை என்றும், இடக்கை வாட்பிடியில் இருக்குமாதலால் வலக்கை ஒன்றே உணவுக்கு என்றும் சொல்லியனுப்பினார். இலை போட்டுச் சோறிட வழியில்லை. ஆதலால் விரலால் எடுத்து ஒரே வாயில் போடத்தக்க கீழைக்கடல் பண்டங்களைச் செய்தோம்: அரிசிமாவுத் தகட்டில் இறாலும் இஞ்சியும் பொதிந்த சுருள், மூங்கில் தட்டில் ஆவியில் வெந்த கறிப்பொட்டலம், குச்சியில் கோத்துச் சுட்ட கோழி. தகடு எத்தனை மெல்லியதென்றால், சாமரக் காற்றில் ஒன்று எழுந்து மதிலைத் தாண்ட, நம் காவலர் பகைவர் கொடியென்று கருதி அதை இரு காதம் துரத்தினர். ஆவியோ கூரைக்கு மேலே திரண்டு குதிரை லாயத்தின்மீது மட்டும் மழையாகப் பெய்தது; குதிரைகள் இன்னும் இஞ்சி மணக்கின்றன. மிகை ஒன்றுமில்லை.

தட்டுகள் மண்டபம் ஏறின. ஒருவரும் தொடவில்லை. விருந்தினர் கை நனைக்குமுன் விருந்திடுவோன் உண்பது நம் நாட்டில் இழிவு. விருந்திடுவோன் முதலில் உண்ணாத பண்டம் அவர்கள் நாட்டில் நஞ்சு. தாங்களே தொடங்குக என்றார் கோமான். தாங்களே தொடங்குக என்றார் தூதர். இந்த உபசாரம் திரும்பத் திரும்ப நடந்து, குரல்கள் தடித்து, தூதரின் வீரர் வாளை உறையிலிருந்து விரலளவு உருவினர். நம் காவலர் சாய்த்து வைத்த வேல்களை நிமிர்த்தினர். சாளரத்தில் வெயில் சிவந்தது. அங்கே தாங்கள் திரிகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பீர் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போது அரசியார் கொற்றிநங்கை எழுந்து, கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் செய்வது இந்த இரண்டு மீசைக்கும் தெரியாதா, ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டித் தொலைத்தால் யார் முந்தி யார் பிந்தி என்ற பேச்சே இராதே, எனக்கும் பசிக்கிறது என்று அருளிச்செய்தார்.

ஆளுக்கொரு சுருள், ஒரே நொடியில், எதிரெதிர் வாய் புகுந்தது. இங்கே ஒன்று விண்ணப்பிக்க வேண்டும். அரசருக்குரியதை நாவில் வைத்துப் பார்த்தால் எச்சிலாகும் என்பதால் நம் மடைப்பள்ளியில் எவரும் ருசி பார்ப்பதில்லை. இன்றைய பரபரப்பில் இறாலுக்குச் சமையற்காரர் நாங்கள் ஐவரும், ஒருவரறியாமல் ஒருவர், தனித்தனியே உப்பிட்டிருந்தோம்.

தூதரின் முகம் சிவந்தது, பிறகு கருத்தது. நஞ்சு என்று கூவி அவர் வீரர் வாளை முழுதும் உருவினர். துப்பினால் இரு நாட்டு வழக்கிலும் போர். தூதர் கோமானை நோக்கினார். கோமானும் அதே நிறத்தில், கண்ணில் அதே நீரோடு, மென்றுகொண்டிருந்தார். பார்த்த தூதரின் இடக்கை வாட்பிடியை விட்டுக் கோமானின் தோளைப் பற்றிற்று. இருவரும் விழுங்கினர். வாள்கள் உறை புகுந்தன. அவைப்புலவர் அக்கண்ணீரை நட்பின் பெருக்கென்று பாடத் தொடங்கினார். அவரைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

ஆயினும் உடன்படிக்கைச் சூளுரையை இருவரும் வாயால் சொல்லியாக வேண்டும்; இரு நாவும் அசைய மறுக்கின்றன. ஆகவே ஆணை: தீயம்புகளை நீரில் அவித்து, அவற்றைச் சுமந்த வண்டிகளிலேயே தங்கள் கோட்டைத் தென்னந்தோப்பின் இளநீர் முழுவதும் ஏற்றி, இருட்டுமுன் அரண்மனைக்கு விடுக்க.

இது கோமான் திருவாய் மலர்ந்த ஆணையன்று. திருவாய் தற்சமயம் மலரும் நிலையில் இல்லை. திருமுடி அசைத்துத் தந்தது. ஐயம் வேண்டா. கீழே வெண்குன்ற முத்திரையும் அதனருகே தூதரின் சங்கு முத்திரையும் உள்ளன. இட்டவர் கண்களில் இன்னும் நீர் நிற்பதால் இரண்டும் கோணல்; ஆயினும் செல்லும்.