டொரன்டோவிலிருந்து இருபத்தாறு மணி நேரம்

தம்பி,

டொரன்டோவிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறக்குறைய பதின்மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். இரண்டு விமானம் மாறினாலும் இருபத்தாறு மணி நேரத்தில் வந்துவிடலாம். அப்பா இறந்தபோது நீ நான்காம் நாள்தான் வந்தாய்.

அம்மாவுக்கு இன்னும் பத்து நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். உனக்கு போன் செய்யட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாங்கண்ணு. அத்தனை நேரம் உக்காந்தா அவனுக்குக் காலு வீங்கிப்போகும். கொள்ளிய நீயே வெச்சுப்போடு."

எட்டு வருடமாக அம்மாவுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைபவன் நான். என் காலைப் பற்றி அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. "சரிங்கம்மா" என்றேன்.

இதைச் சாதாரணத் தபாலில் அனுப்புகிறேன். உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகுமாம்.

அண்ணன்
போத்தனூர்