சாவடியில் சொன்ன பேரு

மதராஸ், ஐப்பசி 1948

அம்மாவை வணங்கி வீரமுத்து எழுதுறது. நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுறீங்களா? குன்னத்துல மழை உண்டா?

எங்க மண்டி முதலாளிக்கு மேயராகணுமாம். அதுக்கு முதல்ல கவுன்சிலர் தேர்தல்ல ஜெயிக்கணும். செத்துப்போன ஒருத்தர் ஓட்டை நான் போடணும்னு, அவர் பேரும் அவர் அப்பா பேரும் சொல்லிக் குடுத்து நேத்து அனுப்பினார். நம்ம அப்பா கருமாதிக்குக் குடுக்காத லீவை இதுக்குக் குடுத்தார்.

சாவடியில ஆபீசர் "தகப்பனார் பேரு?"ன்னார். வாய் தவறி நம்ம அப்பா பேரைச் சொல்லிட்டேன். வெளிய தள்ளிட்டாங்க, வேறொண்ணுமில்லை. கவலைப்படாதீங்க. முதலாளியும் தோத்துட்டார்.

யாராச்சும் வந்தா சின்ன வெங்காயம் கொஞ்சம் குடுத்து விடுங்க. மண்டியில கூப்பிடுறாங்க, முடிக்கிறேன்.

நம்ம வூட்டுல அந்தப் பேரை நீங்களும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இங்க அத்தனை பேர் முன்னால சத்தமா சொன்னேம்மா.