அடுப்பு இருந்த பக்கம்

9 ஆகஸ்ட் 2003, சனி

கால் வலிக்கிறது. தூக்கமும் வரவில்லை.

இன்று கேம்ப் பகுதி அரங்கில் என் தனிநடிப்பு. அப்பா ஓய்வு பெற்றதும் நாங்கள் காலி செய்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸைச் சாக்பீஸால் மேடையில் வரைந்துகொண்டு, அதற்குள் ஒரு மணி நேரம் நான் ஒருத்தியே வீட்டில் எல்லோருமாக நடிக்கிறேன். எது எங்கள் வீடு என்பதுதான் கதை. பேசுவது இந்தியில். சொந்த ஊருக்குப் போக முடியாமல் அம்மா அடுப்படியில் நின்று அழும் இடத்தில் இன்றும் கூட்டம் அசையவில்லை.

முடிந்ததும் கை கொடுக்க வந்தவர்கள் கோடுகளை மிதித்துக்கொண்டு நின்றார்கள். முதல்முறையாக நாடகம் பார்க்க வந்திருந்த அம்மா, அவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு சாக்பீஸ் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள்.

"அடுப்பு இங்க இல்லடி. அந்தப் பக்கம், செவுத்த ஒட்டி."

"தெரியும்மா. அங்க வெச்சா பாக்கறவங்களுக்கு உன் முகம் தெரியாது."

"உங்களுக்கும் முதுகக் காட்டிக்கினுதான நின்னேன். நான் அழுதேன்னு உனக்கு யாரு சொன்னா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போது மழையைப் பற்றி மட்டும் பேசினாள்.

நாளை ஆகுர்டியில் இதே நாடகம். அடுப்பைச் சுவரோரமே வரைந்துவிடலாம். வரைந்தால் அம்மாவின் முகம் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரிந்ததில்லை.