கூடையில் சேராத புன்னைக்காய்

நலம் நிலைக்க. வடக்கே கரும்பாறை மலையும் தெற்கே அலைகடலும் எல்லையாக அமைந்த செம்பொறை நாட்டை, இளவரசர் முடிசூடும் பருவம் எய்தும்வரை ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் பேரரசி, நெடுங்கழி ஈன்ற செல்வி, கொற்றி மாதேவியார் திருமுன்புக்கு, நெடுங்கழி நாட்டுக் காவல் பூண்ட வேளான் ஆதன் அழிசி தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியார் மாளிகையில் விளக்கு நின்று எரிக. தலைநகராம் வெண்குன்றூர் ஏரிகள் நிரம்பி வழிக. இளவரசர் நெடுநாள் வாழ்க. இங்கே மீனும் உப்பும் குறைவில்லை. குடிகளும் நலமே, ஒரு கவலை நீங்கலாக. அக்கவலையை உரைக்கவே இவ்வோலை.

நெடுங்கழி நாட்டின் நிலக்கிடையும் குடித்தொகையும் விளங்க எழுதி விடுக்குமாறு அரண்மனையிலிருந்து ஆணை வந்தது. இந்நாட்டைத் தேவியாருக்கே விவரித்து எழுதுவது சிரிப்புக்கு இடமாகும் என்பதை வேளான் அறிவான். ஆயினும் அவையில் வீற்றிருக்கும் பெரியோர் பலர் இந்தப் பக்கம் காலெடுத்து வைத்தவர் அல்லர். காலெடுத்து வைத்தால் சேறு ஒட்டும் என்று அஞ்சுபவர். அவர்கள் பொருட்டு எழுதப்படுகிறது, தேவியார் பொறுத்தருள்க.

மேற்கிலிருந்து குறும்பையாறு வந்து விழுமிடத்தில், நிலமும் கடலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும் உவர்நீர்ப் பரப்பே நெடுங்கழி. அதன் நடுவே மண்திட்டுகள். திட்டுதோறும் ஓர் ஊர். வடகரையில் கோரை அறுத்துப் பாய் முடைவோரும், தென்கரையில் உப்பளம் கட்டுவோரும், திட்டுகளில் வலை வீசுவோரும் வாழ்கின்றனர். ஆற்றோரத்தில் கொஞ்சம் நெல் விளையும். அந்நெல்லைச் சமைத்தால் உப்புப் போட வேண்டியதில்லை என்று உழவர்களே கேலி பேசுவர். கிழக்கே, கழிக்கும் கடலுக்கும் இடையில் நீளக் கிடக்கும் மணல்மேட்டில் புன்னைமரங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வேர்கள் பிடித்து வைத்திருப்பதால்தான் மணல் நிற்கிறது. மணல் நிற்பதால்தான் நாடு நிற்கிறது.

கோடையில் கடல் மணலைக் கொணர்ந்து கழிமுகத்தை அடைத்துவிடும். ஐப்பசியில் ஆற்று வெள்ளம் வந்து நிறைந்ததும், எல்லாத் திட்டுகளிலிருந்தும் ஆடவர் மண்வெட்டியோடு திரண்டு, ஒரே பகலில் அந்த அடைப்பை வெட்டிக் கடலுக்கு வழி திறக்க வேண்டும். ஆள் குறைந்தால் வெட்ட வெட்டவே மணல் சரிந்து மூடிக்கொள்ளும். வழி திறக்காவிட்டால் திட்டுகளில் வீடு என்று ஒன்றும் மிஞ்சாது. முன்பு இவ்வாறு கழிமுகம் வெட்டிய ஒரு முகம்வெட்டு நாளில், கரையில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு சிறுமி நீரில் சறுக்கி, ஊரே ஓடிப் பிடித்துத் தூக்கியபோது ஒரு காற்சிலம்பைத் தொலைத்திருந்ததும், கடல் கேட்டது, கொடுத்துவிட்டேன் என்று தந்தையாரிடம் சற்றும் அஞ்சாமல் உரைத்ததும், இன்றுவரை ஒவ்வொரு முகம்வெட்டிலும் பேசப்படுகின்றன. அச்சிறுமி இன்று நாடாள்கிறார் என்பதில் இங்கே எவருக்கும் வியப்பில்லை. அந்நாள்கள் திரும்பி வாரா என்பதில்தான் வருத்தம்.

நிற்க. குடித்தொகை எடுக்க அவையோர் அனுப்பிய அதிகாரி மருதங்கிழான் சேந்தனார். நல்லவர்; நேர்மையாளர்; வெற்றிலைகூடப் பிறர் கையால் வாங்காதவர். ஆனால் வயல்நாட்டுக்காரர், நீரைக் குளத்திலும் செம்பிலும் மட்டுமே கண்டவர். படகில் ஏறினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். சென்ற முறை இந்நாட்டார் தலைகளை மறைத்தார்கள் என்று அவையில் ஒரு பேச்சு இருந்ததாம். அப்பேச்சை நம்பியே அவர் வந்திறங்கினார். வந்த நாள் முதல் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

இந்நாட்டில் ஆளைச் சுட்டி எண்ணுவது ஆகாது. எண்ணப்பட்டவர் மெலிவர் என்பது இங்குள்ளோர் அச்சம். ஆகையால் வீட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை புன்னைக்காய்களைக் கொண்டுவந்து பொதுக்கூடையில் போடுவது வழக்கம். சேந்தனார் இதைக் கேட்டதும் மகிழ்ந்தார். படகேறித் திட்டுத் திட்டாக அலையும் தொல்லை தீர்ந்தது என்று எண்ணியிருக்கலாம். ஒரு காயும் குறையக்கூடாது, குறைத்தவருக்குத் தண்டம் உண்டு என்று பறையறைவித்தார். குடிகளும் அஞ்சி, எப்போதும் போல, ஒரு காயும் குறையாமல் கொண்டுவந்து போட்டனர்.

கூடைகள் நிரம்பின. மேலும் கூடைகள் கொணரப்பட்டன. மறைத்த தலைகள் வெளிவந்தன என்று சேந்தனார் உள்ளம் பூரித்து, எண்ணி முடித்து, கூடைவாய் கட்டி, அரச இலச்சினை பொறித்துவிட்டார். இலச்சினை பொறித்த தொகையை அரியணை அன்றி எவரும் மாற்ற முடியாது என்பது சட்டம். பத்துத் தலைக்கு ஒருவர் கடற்படைத் துடுப்புக்கு வர வேண்டும் என்பதும் சட்டம். அத்தொகைப்படி பார்த்தால், மண்வெட்டி பிடிக்கத் தக்க ஆடவர் ஏறத்தாழ அனைவரும் புரட்டாசி முடிவதற்குள் கப்பலேற வேண்டும். ஐப்பசியில் வழி வெட்ட ஆளே இருக்காது. இத்தனை பேர் எங்கிருந்து வந்தனர் என்று வேளானுக்கும் முதலில் விளங்கவில்லை. காய் போடும் வீடுகளில் யார் யாருக்காகப் போடுகிறார்கள் என்று கேட்பது இங்கே வழக்கமில்லை.

இலச்சினை வைத்த மறுநாள், தொலைவில் உள்ள கொக்குத்திட்டிலிருந்து ஒரு பெண்மணி நடந்து வந்தார். ஆவணியில் கழி வற்றியதால் படகு பாதியில் தரைதட்டி, முழங்கால் சேற்றில் நடந்து வந்ததில் பிந்திவிட்டது. அவர் தேவியாரின் தங்கையார் சாத்தியார். அவரைச் சேந்தனார் அறியார். சேறு படிந்த சேலையும் கையில் இரண்டு புன்னைக்காயும் கண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று வினவினார். தான் ஒருத்தியே என்று சாத்தியார் விடை பகர்ந்தார். அவ்வாறாயின் இரண்டாவது காய் எவருக்கு என்று சேந்தனார் குரலை உயர்த்தினார்.

அதற்குச் சாத்தியார் உரைத்ததைச் செந்தமிழில் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. அவர் கட்டளையை மீறத் தேவியாருக்கே துணிவில்லை என்பதால் வேளானும் மீறவில்லை.

"அது எங்க அக்காளுக்கு. வெண்குன்றூருல வாக்கப்பட்டுப் போயிட்டா. அங்க ராணியா இருக்கா, இருந்துட்டுப் போகட்டும். இங்க வந்தா உக்கார ஒரு இடம் வேணுமா இல்லையா?"

சேந்தனார் நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட்டார். அரசியின் தங்கையை அதட்டிவிட்டோம் என்ற அச்சம் ஒருபுறம். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று அடுத்துப் பிடித்துக்கொண்டது. கூடைகளைப் பார்த்தார். ஊரிலிருந்து போனவர்களுக்கெல்லாம் காய் போடுவீர்களா என்று மெல்லக் கேட்டார். போடாமல் எப்படி என்று சாத்தியார் திருப்பிக் கேட்டார். கடல் தாண்டிய வணிகர், வயல்நாட்டில் மணமான பெண்கள், கோபித்துக்கொண்டு போன மகன்கள், எல்லாருக்கும் அவரவர் வீட்டார் காய் போடுவது வழக்கம். இறந்த செய்தி வந்தால் மட்டும் அவர் காயை எடுத்துப் போய்க் கிழக்கு மணல்மேட்டில் நட்டுவிடுவர். செய்தி வராதவரை அவர் இந்நாட்டுக் குடி. சென்ற முறையும் அவ்வாறே போட்டிருந்தனர்; வந்த அதிகாரி கூடையைப் பார்க்கச் சோம்பி, குத்துமதிப்பாக எழுதிப் போனதே மறைத்த தலைகளின் கதை.

சாத்தியார் அவரை மணல்மேட்டுக்கு அழைத்துச் சென்றார். சேந்தனார் அங்கே முன்பே போயிருந்தார். புன்னை பாய்மரத்துக்கு ஏற்றது என்பதால், வெட்டுவதற்குத் தக்க மரங்களைத் தேர்ந்து கயிறு கட்டி வைத்திருந்தார். அவற்றுள் நெடிது வளர்ந்து கடல்பக்கம் சாய்ந்து நின்ற மரத்தைத் தொட்டு, இது எங்கள் அப்பன் என்றார் சாத்தியார். தேவியார் மணமாகிப் போன ஆண்டில் தந்தையார் நல்ல உடல்நலத்தோடு படகு தள்ளி வழியனுப்பினார். இன்று அவர் நிழலில் நண்டு பிடிக்கும் பிள்ளைகள் சோறு உண்கின்றனர். இளவரசர் பிறந்த திங்களில் அவர் மறைந்ததால், தேவியார் வந்து அந்தக் காயை நட முடியவில்லை. தங்கையாரே நட்டார். அக்காளின் பங்குக்கும் சேர்த்து நீர் ஊற்றியதாக இன்றும் கூறுகிறார்.

சேந்தனார் தாம் கட்டிய கயிறுகளைத் தம் கையாலேயே அவிழ்த்தார். எல்லாம் அவிழ்த்து முடிந்ததும், தாம் ஊரை விட்டு வந்து நெடுங்காலம் ஆயிற்று என்றும், மருதங்குடியில் தமக்கு இப்படி ஒரு காய் போட யாரேனும் இருப்பாரா என்று தெரியவில்லை என்றும் வேளானிடம் கூறினார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்று முதல் வேளானுக்கு அவர் மேல் இருந்த கடுப்பு தீர்ந்தது.

இனிச் செய்ய வேண்டியது யாது என்று இருவரும் கூடிப் பேசினர். சட்டத்தை மீறிச் சேந்தனார் தொகையைத் தாமே குறைத்தால் கையூட்டு வாங்கினார் என்பார்கள்; குறைக்காவிட்டால் இந்நாடு ஐப்பசியில் மூழ்கும். அரியணையின் இசைவு பெற்றுப் போனவர்களின் காய்களைப் பொறுக்கி எடுத்துவிடலாமே என்று சேந்தனார் குடிகளிடம் கேட்டும் பார்த்தார். ஒருவரும் இணங்கவில்லை. எடுத்த காயை என்ன செய்வது, எடுத்தால் நட வேண்டும், உயிரோடு இருப்பவரை எப்படி நடுவது என்று கேட்டனர். நாடு மூழ்கினாலும் அதைச் செய்ய மாட்டார்கள் போலிருக்கிறது. வேளானுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. வந்த கோபம் நிலைக்கவில்லை. ஏனெனில் அக்கூடையில், மூத்த மகன் மரக்கலம் ஏறிப் போனபின் அவனுக்காக வேளான் வீட்டிலிருந்து போட்ட காயும் ஒன்று கிடக்கிறது; இப்படிப் போடும் வீடுகள் இத்தனை என்றுதான் வேளான் அறிந்திருக்கவில்லை. அதை எடுக்கச் சொன்னால் வேளானும் எடுக்கமாட்டான்.

ஆகவே தேவியாரிடம் இரந்து கேட்பது இதுவே. குடித்தொகை கூடையில் உள்ளபடியே நிற்கட்டும். அதில் எவரையும் நீக்க வேண்டா. துடுப்புக்கு ஆள் கொள்ளும்போது மட்டும், இன்று இந்நாட்டில் உறங்கி எழுவோரை வைத்துப் பத்துக்கு ஒருவர் கொள்க. அவர்களும் முகம்வெட்டு முடிந்த பிறகே கப்பலேறுமாறு ஆணை பிறப்பித்தருள்க. மணல்மேட்டுப் புன்னையில் எவர் கோடரியும் படாதிருக்கவும் அருள்க. சேந்தனார் பிழை செய்தார் அல்லர் என்று அவையோர்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுகிறோம். அவர் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே படகில் ஏறுகிறார்.

சாத்தியார் கொண்டுவந்த இரண்டு காய்களுள் தம்முடையதைத் தாமே வைத்துக்கொண்டார். மற்றது இலச்சினை வைத்த கூடைக்குள் சேர இயலாமல் வெளியே நின்றுவிட்டதால், பட்டில் முடிந்து இவ்வோலையோடு வருகிறது. அது தேவியாருக்கு உரியது. ஓலை கொணர்பவர் சேந்தனாரே. தேவியார் திருக்கையில் அன்றி வேறு கையில் அதைக் கொடுக்கலாகாது என்று சாத்தியார் அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தேவியார் அதை வைத்துக்கொள்ளலாம், திருப்பி அனுப்பலாம். அரண்மனைத் தோட்டத்தில் மட்டும் நட்டுவிட வேண்டா. அடுத்த குடித்தொகைக்கும் இரண்டு காயோடுதான் வருவேன் என்று தங்கையார் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லியனுப்பிய மற்றொரு செய்தியும் அவர் வாய்மொழியிலேயே தரப்படுகிறது.

"முகம் வெட்டுறதுக்கு முன்னாடி வந்தா படகு வாசலுக்கே வரும். வெட்டுன பிறகு வந்தா சேத்துல நடக்கணும். அவளுக்குச் சேறு புதுசில்ல. ஆனா இந்த வருசம் வெட்டுறதுக்கு ஆள் வேணும்னு அவகிட்டச் சொல்லுங்க."

இவ்வண்ணம், நெடுங்கழி நாட்டு மீன் இலச்சினை பொறித்து, குடிகள் அறியப் படித்துக் காட்டி, ஆவணித் திங்கள் வளர்பிறையில் விடுத்தோம். கடலும் கழியும் சான்று. தேவியாரின் ஆணை வரும்வரை கூடைகள் கட்டவிழ்க்கப்படாமல் காக்கப்படும். மண்வெட்டிகள் தீட்டி வைக்கப்படும். கொக்குத்திட்டு வீட்டில் ஒரு பாய் விரித்தே கிடக்கும்.