பின்வாசலுக்கு வருகிறவர்

மாரண்டஹள்ளி,
15-11-1971, திங்கள்.

அன்புள்ள மாமாவுக்கு,

சென்னம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று காலையிலிருந்து சாமியை வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.

பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. அத்தைக்கு முட்டிவலி தேவலை. மழை கொட்டியதில் தக்காளிச் செடி அழுகிப்போனது, ராகி தப்பித்தது. வெள்ளத்தில் பாலக்கோட்டு பஸ் மூன்று நாள் வரவில்லை. அதனால் இரண்டாம் தேதி நீங்கள் போட்ட கடிதத்தைத் தபால்காரர் பச்சியப்பன் இன்றுதான் கொண்டுவந்து கொடுத்தார்.

சீமைக்கு ஆஸ்பத்திரி வேலை பார்க்கப் போனவருக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முதலில் சிரித்தேன். நீங்கள் தங்கியிருக்கும் தெருவுக்கும் கடலுக்கும் இடையில் முன்பு இன்னும் மூன்று தெருக்கள் இருந்தனவாம். ஒவ்வொரு புயலுக்கும் ஒன்றாகக் கடல் கொண்டுபோனதாம். ஊர் நடுவில் இருந்த உங்கள் வீடு இப்போது கடலோரத்தில் கடைசி வீடாம். மீன்காரர்கள் வலை பின்னிய சந்து, ரொட்டிக் கடை, மணி தொங்கிய சர்ச், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் வீட்டுக் கதவு என்ன நிறம் என்றுகூட எழுதியிருந்தீர்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால் போன தெருவைப் பற்றி இவ்வளவும் யார் சொன்னது என்று யோசித்துக்கொண்டே அடுத்த பக்கம் திருப்பினேன். அதோடு சிரிப்பு போய்விட்டது.

விளக்கு வைத்த பிறகு கடல் பக்கம் இருக்கும் பின்வாசல் கதவை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று அந்த வீட்டுக்கார அம்மாள் படித்துப் படித்துச் சொன்னாளாமே. தெரு முழுக்க அந்தப் பழக்கம்தானாமே. நீங்கள் திறந்தீர்கள். நனைந்துபோய் நின்ற பெரியவரை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, டீ கொடுத்தீர்கள். அதுவரைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். படித்துக் காட்டியபோது அத்தை, "வூட்டுக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வெக்கிறவனா எம்புள்ள" என்று பூரித்துப்போனார்.

ஆனால் அவர் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் நம் பேச்சிலேயே "போயிட்டு வாங்க" என்று சொன்னீர்களாமே. நம் ஊரில் யாரையும் "போங்க" என்று சொல்லி அனுப்புவதில்லை, சரி. அதை யாரிடம் சொல்வது என்று இல்லையா? அவருக்கு அது புரிந்ததுதான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. மறுநாளிலிருந்து விளக்கு வைத்தவுடன் தினமும் வருகிறாரே. மழை இல்லாத நாளிலும் நனைந்தபடி வருகிறார், வைத்த டீயைத் தொடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடாகக் கதை சொல்லி, கடைசியில் கடல் கொண்டுபோன தெருவில் இருக்கும் தன் வீட்டுக்கே உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது என்று உங்களுக்குச் சந்தோஷம். ஒரு வருஷமாகத் தனியாக இருப்பவருக்கு யார் வந்து பேசினாலும் இனிக்கும்தான். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

பதினான்காம் தேதி ஞாயிறு லீவு, கடல் உள்வாங்கும் நேரத்தில் மணலில் நடந்தே போகலாம் என்கிறார், போகப்போகிறேன் என்று முடித்திருந்தீர்கள். மாமா, அந்த ஞாயிறு நேற்றே முடிந்துவிட்டது. தந்தி கொடுக்க ஓடினேன். மழையில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். போகாதீர்கள் என்று எழுதுவதா, போனீர்களா என்று கேட்பதா, தெரியவில்லை. கடைசிப் பக்கத்தை அத்தைக்கு நான் படித்துக் காட்டவில்லை.

நீங்கள் போகாமல் இருந்தால் இன்றே பெட்டியைக் கட்டுங்கள். வேலையும் வேண்டாம், சரித்திரமும் வேண்டாம்.

போயிருந்தால், கீழே எழுதியிருப்பது அந்தப் பெரியவருக்கு.

ஐயா, என் வீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவரை உட்காரச் சொல்லாதீர்கள். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். மரியாதை எதுவும் வேண்டாம், வாசலோடு விரட்டிவிடுங்கள். அவர் இன்னும் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
சென்னம்மாள்