உங்கள் கைக்குத் தேய்ந்த நிப்பு

என்னங்க,

உங்களைக் கூப்பிட எனக்கு இதை விட்டால் வேறு பேர் கிடையாது. நீங்கள் போன பிறகு வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதும் இல்லை. அது உங்களுக்கே இருக்கட்டும்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தபோது உங்கள் சட்டைப் பையை விட்டு இறங்காமல் இருந்ததே, கறுப்பு உடம்போடு அந்த மைப் பேனா, அதை எடுத்துக்கொண்டு நான் ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். வேங்கிக்காலில் ஒரு பல் டாக்டர் அம்மா வீட்டு மாடியில், மைப் பேனா என்றால் உயிரை விடுகிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். ஆபீசில் யாரோ சொல்லக் கேட்டு நம் மருமகள் சுமதிதான் என்னைக் கொண்டுபோய் விட்டாள். அதற்குள் பழைய சாமான் கடையில் ஒரு பச்சைப் பேனாவும் ஒரு மெரூன் பேனாவும் வாங்கிவிட்டேன். இப்படிச் சேர்க்கிறவர்களுக்கு அங்கே கலெக்டர் என்று பேராம்.

"பாத்தீங்களா அத்தை, அஞ்சாவது படிச்சிட்டு கலெக்டர் ஆயிட்டீங்க. நான் டிகிரி முடிச்சிட்டு அதே வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்காவே இருக்கேன்" என்றாள் சுமதி.

பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? பேத்திக்குப் போன் போட்டு முதலில் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொண்டுபோன பேனாவை நடு மேசையில் வைத்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதிப் பார்க்கலாம். பெற்ற பிள்ளைக்கே நீங்கள் அதைக் கொடுத்ததில்லை. "கை மாறினா நிப்பு கெட்டுடும்" என்பீர்கள். வைக்கப் பயம், வைக்காமல் இருக்க வெட்கம். கடைசியில் வைத்துவிட்டேன்.

"யாரோட பேனாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவங்களோடது."

"எவங்களோடது?"

பேனா உடம்பில் வெட்டியிருக்கிற உங்கள் பேரை விரலால் தொட்டுக் காட்டினேன். மாடியே சிரித்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யார் எழுதினாலும் பேனா கீறியது. கோழி குப்பையைக் கிளறின மாதிரி கோடு. டாக்டர் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரு லெஃப்ட் ஹேண்டாம்மா?" என்றார்.

உங்கள் அம்மா அதற்கு எத்தனை பேச்சு பேசினார்! "பீச்சாங்கையில எழுதறவன் சம்பாத்தியம் வீட்ல தங்காதுடா." நீங்கள் சிரித்துக்கொண்டே, "சோத்தைச் சோத்தாங்கையிலதானே திங்கறேன், வுடும்மா" என்பீர்கள். அந்த இடது கை எழுதி எழுதித்தான் நிப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருக்கிறதாம்.

"கவலப்படாதீங்கம்மா. பல்லு மட்டுந்தான் ராவுவேன்னு நெனச்சீங்களா? நிப்பும் ராவுவேன். அடுத்த வாட்டி கொண்டாங்க, வெண்ணெ மாதிரி ஓடும். ஓடாம வச்சிருந்தா அது பேனா இல்ல, குச்சி" என்றார் டாக்டர் அம்மா. நல்ல மனசோடுதான் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. "தேச்சா என்ன அத்தை, நீங்க எழுதலாமில்ல?" என்கிறாள் சுமதி. அவள் சொல்வதும் சரிதான். உங்கள் சட்டைகளைக் கொடுத்துவிட்டோம். செருப்பு உங்களோடு போய்விட்டது. உங்கள் கை இருந்ததற்கு மிச்சம் அந்தச் சாய்வு ஒன்றுதான். அதையும் ராவிவிட்டால்? வேண்டாம் என்றால் டாக்டர் அம்மா மனம் கோணுவாரோ? புதிதாக வந்தவள், அதற்குள் இத்தனை பிடிவாதமா என்பார்களோ? ஞாயிறு பௌர்ணமி வேறு; கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது, போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. பேனாவை எடுத்து இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். எழுத்து ஒன்று வடக்கே போனது, ஒன்று தெற்கே போனது. ஆனால் கீறல் நின்றுவிட்டது. வழுக்கிக்கொண்டு போகிறது! முதலில் என்ன எழுதினேன் என்கிறீர்கள்? பேனா உடம்பைப் பார்த்துப் பார்த்து உங்கள் பேரை எழுதினேன். வாயால்தானே சொல்லக் கூடாது?

இந்தக் கடிதமும் அந்தக் கையால்தான். பிள்ளையார் சுழிக்கு மட்டும் வலது கைக்கு மாற்றினேன், காகிதம் கிழிந்துபோனது. திரும்ப இடதாலேயே போட்டேன். சாமி குற்றம் ஆகிவிடுமோ? நீங்கள் காலமெல்லாம் போட்ட சுழியும் அந்தக் கையால்தானே, பிள்ளையார் உங்களைக் கோபித்தாரா என்ன?

எழுதி முடிக்கிற நேரம், கையின் சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீல மை. தினமும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவீர்களே, சோறு போடுமுன் தேய்த்துக் கழுவுங்கள் என்று நான் கத்துவேனே, அதே இடம்.

ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது போய்விடுவேன். பேனாவை மேசையில் வைப்பேன், ஆசைப்படுகிறவர்கள் எழுதிப் பார்க்கட்டும். அது அவர்களுக்கு மசியாது. ராவ மட்டும் கொடுக்க மாட்டேன், இது சத்தியம். டாக்டர் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் பயமாக இருக்கிறது. வார்த்தை வராவிட்டால் இந்தக் கையை நீட்டிக் காட்டிவிடுகிறேன்.

இதை எழுதியவள்,
இன்னும் கை கழுவாத உங்கள் வீட்டுக்காரி