ஓகே ஸ்டிக்கர்

14 ஆகஸ்ட் 2007, செவ்வாய்

சாகத் தோன்றுகிறதா என்று பகல் முழுக்க அண்ணனிடம் நான் கேட்கவில்லை.

காலையில் டாக்டர் கேட்கச் சொல்லித்தான் அனுப்பினார். அண்ணனைப் போல மனச்சிதைவு உள்ளவர்களில் யாருக்கு அந்த எண்ணம் வரும் என்று ரத்தத்தில் தேடுகிறார்களாம், இன்னும் பிடிபடவில்லையாம். "நீங்கதாம்மா கேக்கணும். கேக்கறதால எண்ணம் வந்துடாது" என்றார் என்னிடம்.

அம்மா காதில் விழுந்தது 'ரத்த ரிப்போர்ட் நார்மல்' மட்டும். பெங்களூரிலிருந்து ஓசூர் திரும்பும் பஸ்ஸில், "ரத்தமே சுத்தமா இருக்குதாம் கண்ணு, இனி பயமில்ல" என்றாள். கம்பெனியில் பாகங்களைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவன் அண்ணன். சிரித்தான். "ஓகே ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்கம்மா. ஓகே ஆன பீஸுதான் பழுதுன்னு திரும்பி வரும்."

அம்மாவும் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அது மட்டும்தானா காரணம்?

இரவு சாப்பிட்டு அவன் கை கழுவும்போது கேட்டுவிட்டேன். குழாயை மூடினான்.

"ரெண்டு வாரமா இருக்குது புள்ள. யாரும் கேக்கலியே."

டாக்டருக்குப் போன் செய்தோம். தனியாக விடாதீர்கள், விடிந்ததும் கூட்டி வாருங்கள் என்றார். அவன் தூங்குகிறான். அம்மா அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.